புலியும் பன்றியும் பாசோக் காடும்

தொல்காப்பிய மரபியலில் விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுத்துரைக்கும் ஆசிரியர், நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் 'குருளை' என்ற பெயரை உரியதாக்குகிறார். ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் இதனைப் பாடமாகக் கேட்டபோது, கொல்லும் விலங்காகிய புலியும் அதற்கு இரையாகும் பன்றியும் ஒரு சொல்லின் கீழ் வந்து நிற்பது எனக்கு வியப்பாக இருந்தது. அதில் ஆழ்ந்த உட்பொருள் உண்டென்று வாதிட நான் புகவில்லை. வழக்கில் இருந்த சொல்லை ஆசிரியர் பதிந்து வைத்தார், அவ்வளவே. ஆயினும் குறிஞ்சி நில வாழ்வை அறிந்தவர்க்கு இவ்விரு விலங்கும் ஒருங்கே நினைவுக்கு வருவது இயல்பு. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் கபிலர் பன்றிக்கென்றே 'கேழற்பத்து' என்று ஒரு பத்துப் பாடியுள்ளார். தினைப்புனத்தை மேய வரும் பன்றியும், மலையில் உலவும் புலியும், புனத்தைக் காத்திருக்கும் மாந்தரும் ஒரே சாரலில் வாழ்ந்ததைச் சங்கச் செய்யுட்கள் பலவற்றில் காண்கிறோம்.

இம்மூவருள் ஒருவர் அவ்விடத்தை விட்டு நீங்கினால் மற்றவர்க்கு என்ன நேரும், அவர்கள் வாழும் காட்டிற்கு என்ன நேரும் என்பது புலவர்க்கு எழாத வினா. நமக்கு அது எழுந்தாக வேண்டிய வினா. ஏனெனில் அதற்கு விடை தரும் இடங்களுள் உலக அறிஞர்களால் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட ஒன்று நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே, தோட்டங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. அதுவே ஜெலுபு மாவட்டத்தில் சிம்பாங் பெர்த்தாங்கிற்கு அருகிலுள்ள பாசோக் காடு.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. எம் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வராத ஒரு நாள் நான் ஐந்தாம் ஆண்டு வகுப்பிற்குச் சென்றிருந்தேன். பாடம் உணவுச் சங்கிலி. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று கரும்பலகையில் எழுதி அம்புக்குறியிட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நம்ம தோட்டத்துப் பன்றிய எது ஐயா சாப்பிடும்?" என்றான். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்தவன், "எங்க மாமா சாப்பிடுவாரு, ஐயா" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் முதல் மாணவன் கேட்டது சரியான கேள்வி என்பதும், 'புலி' என்று நான் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும் என்பதும் வீடு திரும்பும்போதுதான் உறைத்தன.

பழைய ஒழுங்கு

நம் சமவெளி மழைக்காட்டின் இயல்பைச் சிறிது அறிந்தாலன்றி மேலே செல்ல இயலாது. இக்காட்டில் ஓங்கி நிற்பவை மெரந்தி, கெருயிங், செங்கால், பாலாவ் போன்ற மரங்கள். இவற்றுட் பெரும்பாலானவை ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டுகள் வரை வாளாவிருந்து, பின் ஒரு பருவத்தில் பல இன மரங்களும் ஒருசேரப் பூத்துக் காய்க்கின்றன. அப்போது காட்டின் தரையெங்கும் விதை கொட்டிக் கிடக்கும். பன்றியும் பறவையும் பூச்சியும் எவ்வளவு உண்டாலும் உண்டு தீராத அளவு விதை எஞ்சும், எஞ்சியது முளைக்கும். பின்னர் மீண்டும் பல்லாண்டுப் பஞ்சம்.

இந்தப் பஞ்சமே மரங்களின் தற்காப்பு என்பர் அறிஞர். ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் காய்த்தால் அவ்வளவையும் விலங்குகள் உண்டு பெருகும். ஒரு விதையும் மிஞ்சாது. பலகாலம் பட்டினி போட்டு விலங்கின் தொகையைக் குறைத்து வைத்து, பின் ஒரே நாளில் பந்தி விரிப்பது போன்றது இது. ஆகவே காட்டுப்பன்றியின் தொகையை அடக்கி வைத்த முதல் ஆற்றல் பசி.

இரண்டாவது ஆற்றல் புலி. மலாயாப் புலியின் தலையாய இரை காட்டுப்பன்றியும் கடமானும் கேளையாடும் ஆகும். வளர்ந்த புலி ஒன்றிற்கு ஏறத்தாழ வாரம் ஒரு பேரிரை வேண்டும். அஃதாவது ஆண்டிற்கு ஐம்பது. புலி ஈனுவது இரண்டு மூன்று குட்டிகள். அவை தாயை விட்டுப் பிரிய இரண்டாண்டு ஆகும். பன்றியோ நான்கு திங்கள் சூல் சுமந்து, உணவு மிகுந்தால் நான்கும் எட்டுமாக ஈனும். இவ்விரு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, புலி எத்துணை அரியது, பன்றி எத்துணை விரைவில் பெருகவல்லது என்பது விளங்கும். பசியும் புலியும் சேர்ந்தே பன்றியைக் கட்டுக்குள் வைத்திருந்தன. இவற்றுள் ஒன்று மட்டும் போதியதாக இருந்தது என்று கூற நான் துணியேன். பாசோவின் கதையை ஆழ்ந்து பார்த்தால் இந்த 'இரண்டும்' என்பதே முதன்மையானது என்று தெரியவரும்.

தோட்டம் வந்த கதை

தோட்டம் வந்ததும் புலி ஓடிவிட்டது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். வரலாறு அவ்வளவு நேரானது அன்று. தொடக்கத்தில் தோட்டம் புலியைப் பெருக்கியது என்றே சொல்ல வேண்டும். 1840-களிலும் 1850-களிலும் சிங்கப்பூரில் சீனர்கள் காட்டை வெட்டிக் காசுக்கட்டிச் செடியும் மிளகும் பயிரிட்டபோது, அக்கொல்லைகளில் வேலை செய்தோரைப் புலி கொன்ற செய்தி ஓயாது வந்துகொண்டிருந்தது. நாளுக்கு ஒருவர் புலிக்கு இரையாகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. அரசாங்கம் புலித் தலைக்குப் பரிசு வைத்தது. மலாய் உலகின் புலி வரலாற்றை 2001-இல் நூலாக எழுதிய டச்சு வரலாற்றறிஞர் பீட்டர் பூம்கார்டு இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். அடர்ந்த பெருங்காட்டில் மானும் பன்றியும் குறைவு; மனிதன் காட்டை ஓரங்களில் வெட்டிப் பயிர் செய்யும்போது அங்கே புல்லும் கிழங்கும் மிகுந்து மானும் பன்றியும் பெருகுகின்றன; அவற்றைத் தொடர்ந்து புலியும் ஊர் ஓரத்திற்கு வருகிறது. பின்னர் அக்காடு முழுதும் வெட்டப்பட்டு, துப்பாக்கியும் பொறியும் நஞ்சும் வரும்போதுதான் புலி மறைகிறது.

நெகிரி செம்பிலானிலும் இவ்வரிசையையே காண்கிறோம். லிங்கி, சுங்கை ஊஜோங் வட்டாரங்களில் முதலில் சீனர்களின் மரவள்ளியும் காசுக்கட்டியும். பிறகு வெள்ளையரின் காப்பி. அதன் பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மரம். பால்மரத்தோடு நம் முன்னோர் வந்தனர். அவர்கள் கண்டது ஓரத்துக் காட்டையே. என் பாட்டி பகாவ் வட்டாரத்தில் பால்வெட்டியவர். விடியற்காலையில் பிரட்டுக்கு நிற்கும்போது, தண்டல் வந்து, "இன்றைக்கு ஆற்றோரத்து நிரைக்கு யாரும் தனியே போகவேண்டாம்" என்றால், அங்கே அடிச்சுவடு கண்டிருக்கிறார்கள் என்று பொருளாம். எந்த விலங்கின் சுவடு என்று தண்டல் வாய்விட்டுச் சொல்லமாட்டார். மலாய்க்காரர் 'தோக் பெலாங்' என்று மரியாதைப் பெயரால் சுட்டுவது போல, நம்மவரும் அதன் பெயரைச் சொல்லாமல் 'பெரியவர்' என்றே குறித்தனர் என்பார் பாட்டி. லயத்து நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போன கதையும் அவரிடம் உண்டு. அதே பாட்டி, லயத்தின் பின்னால் நட்ட மரவள்ளியைப் பன்றி தோண்டாத ஆண்டே இல்லை என்றும் சொல்வார். ஒன்றுக்கு அஞ்சினர், மற்றொன்றைச் சபித்தனர். முதலாவது குறைந்தால் இரண்டாவது கூடும் என்பதை அவர்கள் எண்ணியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டும் ஒழிந்தால் நல்லது என்றே யாரும் நினைத்திருப்பர்.

வேட்டையாடிய வெள்ளையருள் ஒருவர் மட்டும் வேறு வழியில் சிந்தித்தார். அவர் தியோடோர் ஹப்பேக். 1895-இல் மலாயாவுக்கு வந்து, தோட்டக்காரராகவும் பெருவிலங்கு வேட்டைக்காரராகவும் வாழ்ந்து, 1905-இல் யானை, காட்டெருது வேட்டை பற்றி நூலும் எழுதியவர். பிற்காலத்தில் அவரே துப்பாக்கியை ஒதுக்கிவிட்டு வனவிலங்குகளுக்காக வாதாடினார். 1930-இல் அமைக்கப்பட்ட மலாயா வனவிலங்கு விசாரணைக் குழுவின் பெரிய அறிக்கை அவர் கைவண்ணம். 1932-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பயனாகவே 1930-களின் இறுதியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா உருவாயிற்று. இன்று நாம் 'தாமான் நெகாரா' என்று அழைப்பது அதனையே. வனவிலங்கு பயிரை அழிக்கிறது என்று தோட்டத் தரப்பினரும், காட்டை விலங்குக்கென ஒதுக்கவேண்டும் என்று ஹப்பேக்கும் மோதிக்கொண்ட வரலாற்றை, மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வரலாற்றறிஞர் ஜெயமலர் கதிர்த்தம்பி வெல்ஸ், தீபகற்ப மலேசியக் காடுகள் பற்றி 2005-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுள்ளார். தமிழாசிரியர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல். தமிழில் இன்னும் எவரும் பெயர்க்காதிருப்பது நம் சோம்பல்.

புலிகளின் எண்ணிக்கை சரிந்த வரலாற்றை விரைந்து கூறிவிடலாம். திரங்கானுவில் பணியாற்றிய லாக் என்னும் ஆங்கில அதிகாரி, 1954-இல் வெளிவந்த தம் நூலில் மலாயாவில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். அது கணக்கெடுப்பு அன்று. காட்டறிவு மிக்க ஒருவரின் ஊகம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் புலிக்கு முழுப் பாதுகாப்புக் கிட்டியது. 2004-இல் மலாயாப் புலியைத் தனிக் கிளையினமாக அறிஞர் பிரித்துப் பெயரிட்டனர். 2008-இல் அரசாங்கம் வகுத்த திட்டம் 2020-க்குள் ஆயிரம் புலிகளைக் காண விழைந்தது. ஆனால் 2016 முதல் 2020 வரை காமிராப் பொறிகள் வைத்து நடத்தப்பெற்ற முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, காட்டில் எஞ்சியவை 150-க்கும் குறைவே. இவையும் பெரும்பாலும் நடுமலைத் தொடரிலும் அதற்கு அப்பாலுள்ள பெருங்காடுகளிலும் உள்ளன. தோட்டங்களால் சூழப்பட்ட சிறு காடுகளில் புலி இல்லை.

பாசோவில் கண்டவை

பாசோ வனக் காப்பகம் மொத்தம் ஏறத்தாழ 2,450 ஹெக்டர். அதன் நடுவே 600 ஹெக்டருக்குச் சற்று மேற்பட்ட நிலமே கோடரி படாத பழங்காடு. அதனைச் சுற்றியுள்ள பகுதியில் 1950-களில் மரம் வெட்டினர். 1970-களில் காப்பகத்தைச் சூழ்ந்து மூன்று பக்கமும் செம்பனை வந்தது. அதே காலத்தில், 1970 முதல் 1974 வரை, அனைத்துலக உயிரியல் திட்டத்தின் கீழ் மலேசிய, பிரிட்டிஷ், ஜப்பானிய அறிஞர்கள் அங்கே கூடி ஆராய்ந்தனர்.

அதனினும் பெரும்பணி 1985-இல் தொடங்கியது. கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தார், ஒரு கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமும் கொண்ட 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, அதனுள் ஒரு சென்டிமீட்டர் பருமனுக்குக் குறையாத ஒவ்வொரு மரத்திற்கும் கன்றுக்கும் எண் கட்டி, இனம் கண்டு, வரைபடத்தில் குறித்தனர். அப்பணியை முன்னின்று நடத்தியவர்களுள் நா. மனோகரன் ஒருவர், மர இனங்களைப் பிரித்தறிந்தவர் கொச்சும்மன். மூன்று இலட்சத்து முப்பதாயிரத்திற்கு மேற்பட்ட மரங்கள். எண்ணூறுக்கு மேற்பட்ட இனங்கள். பிரிட்டன் தீவு முழுவதிலும் இயல்பாக வளரும் மரவகைகள் சில பத்துகளே என்பதை இதனோடு ஒப்பிட்டுக்கொள்க. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவற்றை மீண்டும் அளந்தனர். சுண்டுவிரற் பருமனுள்ள ஒரு கன்று இருந்ததா, இறந்ததா என்பதைக்கூட இக்கணக்கு சொல்லிவிடும். நம் நாட்டவர் பொறுமையோடு எழுதி வைத்த இந்தக் கணக்கில்லாவிட்டால், பின்னால் வந்த உண்மை எதுவும் வெளிப்பட்டிராது.

1990-களில் கேலன் இக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பாசோவில் பன்றிகளை எண்ணினார். 1996-இல் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 47, 1998-இல் 27. இரண்டும் மிகுதியே. புலி முதலிய பகைவிலங்குகள் அற்றுப்போனமை ஒன்று, அண்டைச் செம்பனைத் தோட்டங்களில் ஆண்டு முழுதும் கிடைக்கும் பழம் மற்றொன்று என அவர் இரண்டு காரணம் காட்டினார். நான் மேலே பசியும் புலியும் என்றேனே, அவ்விரண்டும் ஒருங்கே நீங்கிய நிலை இது. பால்மரக்காடு இருந்த காலத்திலும் பன்றி விதை பொறுக்கத் தோட்டத்திற்கு வந்ததுண்டு. ஆனால் பால்மர விதை பருவத்தில் மட்டும் விழுவது. செம்பனைக்கோ பருவமில்லை. குலை வெட்டும் ஒவ்வொரு சுற்றிலும் உதிரிப் பழம் மரத்தடியில் சிதறுகிறது. அதனைப் பொறுக்கிக் கோணிப்பையில் சேர்க்கும் பெண்களின் கூலி எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். பொறுக்காமல் விடுபட்டது பன்றிக்குக் கூலி. ஐந்தாறு ஆண்டுப் பஞ்சத்தைக் கடக்க வேண்டியிருந்த விலங்கிற்கு வேலிக்கு அப்பால் நாள்தோறும் பந்தி விரித்துவிட்டோம்.

பன்றி பெருகினால் தோட்டத்திற்குத்தானே கேடு, காட்டிற்கு என்ன என்று கேட்கலாம். இங்கேதான் எதிர்பாராத செய்தி வருகிறது. இக்ஸும், அவரோடு வன ஆராய்ச்சிக் கழகத்து அப்பண்ணா முதலியோரும் 1996 ஜூன் மாதத்தில் காட்டினுள் ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர் அளவில் எட்டு இடங்களை வேலியிட்டு அடைத்துப் பன்றி நுழையாமற் செய்தனர். பக்கத்திலேயே வேலியில்லாத இடங்களையும் அளந்து வைத்தனர். இரண்டாண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது, வேலிக்குள் புதிதாக எழுந்த கன்றுகள் வெளியே எழுந்தவற்றைப் போல் மூன்று மடங்கு இருந்தன. உள்ளிருந்த செடிகள் உயரத்திலும் விஞ்சின.

மண்ணைக் கிளறுவதும் விதையைத் தின்பதும் மட்டுமல்ல பன்றியின் வேலை. ஈனும் பருவத்தில் பெண்பன்றி கூடு கட்டுகிறது. பறவைக் கூடு போன்றதன்று. மரக்கன்றுகளைப் பல்லால் கடித்து ஒடித்தும் வேரோடு பிடுங்கியும் இழுத்து வந்து குவிக்கும் ஒரு பெரிய குப்பை மேடு. மழை படாமல் குட்டிகளைக் காக்க அதற்குள் புகுந்து ஈனும். ஒரு கூட்டிற்குச் சராசரியாக இருநூறுக்கு மேற்பட்ட கன்றுகள் பலியாகின்றன. ஒரு கூடு சில வாரத்திற்கே. அடுத்த ஈற்றுக்குப் புதிய கூடு. தின்பது தோட்டத்தில், ஈனுவது பழங்காட்டின் உள்ளே. பகலில் தோட்டத்து மனிதருக்கு அஞ்சும் தாய், குட்டிகளுக்கு அமைதியான இடம் தேடுவது இயல்புதானே!

2017-இல் மாத்யூ லஸ்கினும் அவர் தோழர்களும் இருபத்து நான்கு ஆண்டுக் கணக்கைத் தொகுத்து வெளியிட்டனர். செம்பனைப் பழத்தால் பன்றிகளின் தொகை நூறு மடங்கு வரை உயர்ந்தது. தோட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த பழங்காட்டின் உள்ளேயும் கூடுகட்டலால் மரக்கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்தது. சுற்றிலுமிருந்த முதிய செம்பனைகள் வெட்டப்பட்டு மறுநடவு நடந்து, பழம் இல்லாதிருந்த இடைக்காலத்தில் பன்றி குறைந்ததையும் அவர்கள் கண்டனர். பழமே காரணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதன்று. பாசோவிற்கு மாணவரை அழைத்துச் சென்றால், வானளாவிய மெரந்தி மரங்களை அண்ணாந்து பார்த்து, காடு நன்றாகத்தான் இருக்கிறது என்றே எவரும் சொல்வர். முதிய மரங்கள் நிற்கின்றன. அவற்றிற்குப் பின் நிற்கவேண்டிய கன்றுகள்தாம் இல்லை. பாட்டன்மார் மட்டும் வாழ்ந்து பேரப்பிள்ளை பிறவாத வீடு போன்றது. அந்தப் பாட்டன் மரம் விழ இன்னும் நூறாண்டு ஆகலாம். விழும்போதுதான் உலகம் அறியும். மரம் ஒன்றும் வெட்டப்படாமலே, வேலிக்கு அப்பாலிருந்தே, தோட்டம் காட்டினுள் நுழைந்துவிட்டது.

ஓநாய்க் கதையும் நம் கதையும்

மேலை நாட்டார் இத்தகைய செய்தியைப் பேசப் புகுந்தால் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவையே முதலில் காட்டுவர். அங்கே 1926-ஆம் ஆண்டளவில் ஓநாய்களை அடியோடு கொன்றொழித்தனர். ஓநாய் ஒழிந்தபின் 'எல்க்' என்னும் பெருமான் பெருகி, ஆற்றோரத்து அலரி, ஆஸ்பென் மரங்களின் இளங்கிளைகளைத் தின்று வளரவிடாமற் செய்தது. 1995, 1996 ஆகிய ஈராண்டில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொணர்ந்து விட்டனர். எல்க் குறைந்தது, சில இடங்களில் அலரி மீண்டும் தழைத்தது, நீர்நாயை ஒத்த, அணைகட்டும் விலங்காகிய பீவரும் பெருகிற்று. ஓநாய் ஆற்றின் போக்கையே மாற்றியது என்று பரவிய பேச்சு மிகையானது என அங்குள்ள அறிஞர் பலரே மறுத்துள்ளனர். கரடி, மனித வேட்டை, வறட்சி ஆகியவையும் எல்க் குறைந்ததற்குக் காரணங்கள். பல பள்ளத்தாக்குகளில் அலரி இன்னும் மீளவில்லை. நீண்டகாலம் குலைந்த ஒழுங்கை ஒரு விலங்கை மட்டும் திருப்பி வைத்துச் சீராக்கிவிட முடியாது என்பதே அவர்கள் முடிபு.

இந்த எச்சரிக்கை நமக்கு மிகவும் வேண்டும். புலி இல்லாமையே எல்லாவற்றிற்கும் காரணம் என்று கட்டுரை எழுதுவது எளிது. படிக்கவும் சுவையாக இருக்கும். ஆனால் பாசோவின் சான்று அவ்வாறு கூறவில்லை. நாளையே இரண்டு புலியைக் கொண்டுவந்து பாசோவில் விட்டாலும், 2,450 ஹெக்டர் அவற்றின் நடமாட்டத்திற்குப் போதாது. அவை ஆண்டிற்கு நூறு பன்றியை உண்டாலும், மறுபக்கம் உதிரிப்பழம் உண்டு பன்றி ஈன்றுகொண்டே இருக்கும். நெகிரி செம்பிலானில் நேர்ந்தது ஓநாயை மட்டும் இழந்த யெல்லோஸ்டோன் கதை அன்று. இங்கே கொல்வதும் நீங்கியது, பசியும் நீங்கியது. இரண்டாவதை நீக்கியது நம் தொழில். பால்வெட்டியவரையும் குலை வெட்டுபவரையும் நான் குறை கூறவில்லை. எந்தக் காட்டை எப்போது வெட்டி எதை நடுவது என்று அவர்களை எவரும் கேட்டதில்லை.

கொன்றுண்ணியை மீட்டுவைத்துப் பயன் கண்ட ஒரு வரலாறு நம் தோட்டங்களுக்கும் உண்டு. அதுவும் புலியன்று, கூகை. செம்பனை பரவியதும் எலி பெருகிற்று. பழத்தைக் கரம்பித் தின்று எண்ணெயைக் குறைத்தது. வெண்முகக் கூகை தீபகற்பத்தில் முன்பு மிக அரிது. 1968-இல் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில்தான் அது கூடுகட்டிக் குஞ்சு பொரித்தது முதன்முதலாகப் பதிவாயிற்று. எலியைத் தேடித் தானே வந்த விருந்தாளி. பின்னர் தோட்டத்தார் கம்பத்தின்மேல் மரப்பெட்டி அடித்து வைத்து அதனைக் குடியேற்றினர். ஓர் இணைக் கூகை குஞ்சுகளோடு ஆண்டிற்கு ஆயிரத்திற்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும். கூகை அலறினால் சாவு வரும் என்று அஞ்சும் நம்மவர் சிலர், லயத்தருகே பெட்டி வைக்கக் கூடாதென்று முறையிட்டதை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். கடுமையான எலி நஞ்சு வைத்த தோட்டங்களில், நஞ்சுண்ட எலியைத் தின்று கூகையும் மாண்டது. எலியைக் கொல்ல இருவரை அமர்த்தி, ஒருவர் மற்றவரைக் கொன்ற கதை.

கூகைக்கு ஒரு பெட்டி போதும். புலிக்கு ஒரு மலைத்தொடர் வேண்டும். துண்டுபட்ட காடுகளை மீண்டும் இணைக்கும் நோக்கத்தோடு அரசாங்கம் 'நடுக்காட்டு முதுகெலும்பு' என்னும் திட்டத்தை வகுத்திருப்பது அதனாலேயே. அத்திட்டத்தின் வரைபடத்தைத் தலைமையாசிரியர் எவரும் தம் பள்ளி அறிவியல் அறையில் மாட்டலாம்.

அண்மையில் இக்கதையில் இன்னொன்றும் புகுந்துள்ளது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் முதலில் சபாவிலும் பின்னர் தீபகற்பத்திலும் கண்டறியப்பட்டது. மனிதரைத் தொற்றாத நோய். பன்றிக்கோ மருந்தில்லாத கொள்ளைநோய். பல இடங்களில் காட்டுப்பன்றிகள் திரளாக மடிந்தன. பன்றி குறைந்தது காட்டுக் கன்றுகளுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கடமான் ஏற்கெனவே வேட்டையால் அருகிப்போன காடுகளில், எஞ்சியுள்ள 150 புலிகளுக்கும் குறைவானவற்றின் முதன்மை உணவு அப்பன்றியே. இரை கிட்டாத புலி ஊர்ப்புறங்களுக்கு வரத் தலைப்படும் என்று வனவிலங்கு ஆர்வலர் கவலை தெரிவித்துள்ளனர். தோட்டம் சூழ்ந்த சிறுகாட்டில் மிகுதியால் கேடு செய்த அதே விலங்கு, பெருங்காட்டில் குறைவால் கேடு செய்கிறது.

அடுத்த வாரம் அதே ஐந்தாம் ஆண்டு வகுப்பிற்கு மீண்டும் சென்றேன். கரும்பலகையில் செம்பனைப் பழம், காட்டுப்பன்றி என்று எழுதி, அடுத்த அம்புக்குறிக்குப் பின் இடம் விட்டேன். கேள்வி கேட்ட மாணவன் எழுந்து வந்து, சுண்ணக்கட்டியை வாங்கி, 'புலி' என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு கிழித்தான். மாமா பன்றி சாப்பிடுவார் என்றவன் கையை உயர்த்தி, "ஐயா, மரக்கன்ற எங்க எழுதுறது?" என்று கேட்டான். பன்றியிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டினேன். மணி அடித்துவிட்டது.